உயர்திறன் ஸ்பீக்கரும் மின்னோட்ட இயக்கமும்: ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸை எங்கே நிறுத்துவது?

கேள்வி

வணக்கம். 8 அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை 80 சென்டிமீட்டர் அகலமுள்ள திறந்த பலகையில் பொருத்தி, எட்டு மாதங்களாகக் கேட்டு வருகிறேன். காகிதக் கூம்பு, உச்ச ஒலிக்கென நடுவில் ஒரு சிறு உட்கூம்பு, அளவுக்கு மீறிய காந்தம் என்று பழைய பாணியில் அமைந்த ஸ்பீக்கர் அது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 96 டெசிபல் தருகிறது. பலகையில் பொருத்திய நிலையிலேயே அளந்தபோது நேர்மின்தடை 6.2 ஓம், ஒத்ததிர்வு அதிர்வெண் 46 ஹெர்ட்ஸ், இயந்திர கியூ (கியூ என்பது ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையாக எழும், எவ்வளவு மெதுவாக அடங்கும் என்பதைக் காட்டும் எண்) 4.2, மின் கியூ 0.22, இரண்டும் சேர்ந்த மொத்த கியூ 0.21 என்று கிடைத்தன. இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு, 300 ஹெர்ட்ஸுக்கு அருகே 7 ஓமாக இறங்கி, 10 கிலோஹெர்ட்ஸில் 14 ஓமாக ஏறுகிறது. ஒத்ததிர்வில் மட்டும் 125 ஓம் வரை போகிறது.

இதை இயக்குவது 40 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.1 ஓமுக்கும் குறைவு. குரலும் நரம்புக் கருவிகளும் மிகத் தெளிவாக வருகின்றன. ஆனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துவிடுகிறது, சற்று உரக்க வைத்தால் நடு அதிர்வெண்களில் ஒரு கடினத்தன்மையும் தலைகாட்டுகிறது. மின்னழுத்தத்தை விட்டுவிட்டு மின்னோட்டத்தையே உள்ளீட்டுக்கு ஏற்ப நேராகக் கட்டுப்படுத்தும் கரண்ட் டிரைவ் (மின்னோட்ட இயக்கம்) முறையைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். ஸ்பீக்கரின் விசை மின்னோட்டத்துக்கே நேர்விகிதத்தில் இருப்பதால் இதுவே இயற்கையான வழி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தணிப்பே (கூம்பின் அதிர்வை அடக்கும் பிடிமானம்) இல்லாத ஸ்பீக்கர் மத்தளம் போல அதிரும் என்று மறுசாரார் எச்சரிக்கிறார்கள்.

எல்எம்3886 ஆம்ப்ளிஃபயர் சில்லு இரண்டும், அதற்கான மின்வழங்கியும் கையில் இருக்கின்றன. சாலிடர் அடிக்கத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களில் தெளிவு தேவைப்படுகிறது. என் ஸ்பீக்கரைப் போன்ற ஒன்றுக்கு இந்தச் சோதனை பயன் தருமா, தணிப்பை இழப்பதை எப்படி ஈடுகட்டுவது, இந்தச் சில்லைக் கொண்டு கட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் எண்களோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் எண்கள் முழுமையாக இருப்பதால் பதிலையும் எண்களிலேயே சொல்ல முடிகிறது. சாலிடரை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். உங்களுக்கு முதலில் தேவைப்படுவது 25 வாட் தாங்கும் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வாய்ஸ் காயிலில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளில்) எழும் விசை, காந்தப்புலச் செறிவையும் கம்பியின் நீளத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. வழக்கமான ஆம்ப்ளிஃபயர் மின்னழுத்தத்தை மட்டுமே உறுதி செய்கிறது. அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் நேர்மின்தடையும், காயிலின் மின்தூண்டலும், கூம்பு அசைவதால் பிறக்கும் எதிர் மின்னியக்கு விசையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இம்மூன்றுமே நிலையானவை அல்ல. காயில் சூடேறினால் மின்தடை கூடுகிறது. காயில் உள்ளே போகும்போது இரும்பு மையம் அதிகமாக அதற்குள் வருவதால் மின்தூண்டல் கூடுகிறது, வெளியே வரும்போது குறைகிறது. மின்னோட்டம் மாறும்போது இரும்பின் காந்த நிலையே சற்று அசைந்துகொடுக்கிறது. ஆகவே தூய்மையான மின்னழுத்தத்தைக் கொடுத்தாலும் ஓடுகிற மின்னோட்டம் தூய்மையாக இருப்பதில்லை, விசையும் அதே அளவுக்குச் சிதைகிறது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் மிகப் பெரியதாக இருந்தால் இந்த மாற்றங்கள் எதுவும் மின்னோட்டத்தைத் தொட முடியாது. மில்ஸ், ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் 1989-இல் ஆடியோ பொறியியல் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிதைவுக் குறைப்பைத்தான் விரிவாக ஆராய்ந்தது.

இது புதிய சிந்தனையும் அல்ல. பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பித் திருத்துவது) இல்லாத பென்டோட் வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் காலத்து வானொலிப் பெட்டிகள் பலவும் பாதி மின்னோட்ட இயக்கத்தில்தான் பாடிக்கொண்டிருந்தன. பின்னூட்டம் பரவலான பிறகு வெளியீட்டு இம்பீடன்ஸ் பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. 1961-இல் தீல் எழுதியதும், 1970-களின் தொடக்கத்தில் ஸ்மால் அதை விரிவாக்கியதுமான பெட்டிக் கணக்குகள் அந்தத் தாழ்ந்த இம்பீடன்ஸை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் ஸ்பீக்கரின் கணக்கையும் திரும்பப் போட்டாக வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது உங்கள் ஸ்பீக்கருக்கு வருவோம். மின்னழுத்த இயக்கத்தில் 46 ஹெர்ட்ஸில் ஒலி மட்டம், நடு அதிர்வெண் மட்டத்தை ஒப்பிட, மொத்த கியூவின் அளவில், அதாவது 0.21 மடங்காக இருக்கும், டெசிபலில் 13.6 குறைவு. நீங்கள் குறைப்படும் மெலிவுக்குப் பெரும்பங்கு காரணம் இதுதான், மிச்சம் திறந்த பலகை தின்றுவிடுவது. காந்தம் பெரிதாக இருப்பதால் எதிர் மின்னியக்கு விசை வலுத்து, ஒத்ததிர்வைக் கழுத்தைப் பிடித்து அழுத்திவிடுகிறது. முழு மின்னோட்ட இயக்கத்துக்கு மாறினால் மின்தணிப்பு அறவே போய், இயந்திர கியூவான 4.2 மட்டும் மிஞ்சும். அதே 46 ஹெர்ட்ஸில் 12.5 டெசிபல் மேடு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 26 டெசிபல் தாவல்! மத்தளம் என்று எச்சரித்தவர்கள் இந்த மேட்டைத்தான் கேட்டிருப்பார்கள். தட்டையான மட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. மின் கியூவை, நேர்மின்தடையும் வெளியீட்டு மின்தடையும் சேர்ந்த தொகையால் பெருக்கி, நேர்மின்தடையால் வகுத்தால் புதிய மின் கியூ கிடைக்கும். வெளியீட்டு மின்தடை 18 ஓம் என்றால் 0.22 என்பது 0.86 ஆகிறது, 4.2 உடன் சேர்த்தால் மொத்த கியூ 0.71. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் இறங்கும் அளவு அது. திறந்த பலகை அடி ஒலியைத் தின்பதால் சற்று மிகையான கியூ உங்களுக்கு நன்மையே செய்யும்: 27 ஓமில் 0.92, 33 ஓமில் 1.05. ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2004-இல் இதே வகை உயர்திறன் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்களுக்கு மின்னோட்ட மூல ஆம்ப்ளிஃபயர்களைப் பரிந்துரைத்து எழுதியபோதும், ஸ்பீக்கருக்கு இணையாக ரெசிஸ்டர், மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவற்றைப் போட்டு வளைவைச் சீர்செய்யும் வழியைத்தான் காட்டினார்.

ரெசிஸ்டருக்கு வருகிறேன். மின்னோட்ட மூலத்துக்கு இணையாக 18 ஓம் வைப்பதும், மின்னழுத்த ஆம்ப்ளிஃபயருக்குத் தொடராக 18 ஓம் வைப்பதும் ஸ்பீக்கரின் பார்வையில் ஒன்றேதான். உங்கள் 40 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் ஏறத்தாழ 17.9 வோல்ட் தரும். 18 ஓமும் ஸ்பீக்கரின் 7 ஓமும் தொடராக இருந்தால் 0.72 ஆம்பியர் ஓடும், ஸ்பீக்கருக்கு 3.6 வாட் கிடைக்கும், ரெசிஸ்டர் 9 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பமாக்கும். 3.6 வாட் என்றால் ஒரு மீட்டரில் 101 டெசிபலுக்கும் மேல். 86 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் இந்த வீணடிப்பைத் தாங்க மாட்டார். உங்கள் ஸ்பீக்கருக்கு இது பொருட்டே அல்ல. உயர்திறன் ஸ்பீக்கர்களையும் இந்தச் சோதனையையும் சேர்த்தே பேசுவதற்கு இந்தத் தாராளம் ஒரு காரணம் என்பது என் கருத்து.

மறுமொழி 2

முன்னவர் சொன்ன ரெசிஸ்டர் சோதனையை முதலில் செய்துவிடுங்கள், எனக்கும் அதில் உடன்பாடே. எல்எம்3886 பற்றிக் கேட்டிருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். இதே சில்லில் இரண்டு முறை கட்டி, ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

சுற்று பார்வைக்கு மிக எளிது. ஸ்பீக்கரின் ஒரு முனை சில்லின் வெளியீட்டுக்கும், மறுமுனை 0.33 ஓம் உணர்மின்தடை (மின்னோட்டத்தை அளக்கும் சிறு ரெசிஸ்டர்) வழியாகத் தரைக்கும் போகும். அந்த உணர்மின்தடையின் மேல்முனையில் எழும் மின்னழுத்தம் சில்லின் எதிர் உள்ளீட்டுக்குத் திரும்பும். உள்ளீட்டில் 1 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடச் சில்லு முயலும். உங்களுக்கு ஒரு வாட்டுக்கு 0.4 ஆம்பியர்கூடத் தேவையில்லை. ஆகவே முன்னால் ஒரு மட்டுப்படுத்தி கட்டாயம். உணர்மின்தடையைப் பெரிதாக்கி இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் இந்தச் சில்லு 10 மடங்குக்குக் குறைவான பெருக்கத்தில் நிலையாக இருக்காது. இங்கே பெருக்கம் என்பது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை உணர்மின்தடையால் வகுத்து ஒன்றைக் கூட்டுவது என்பதால், 1 ஓம் போட்டவுடன் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள்.

இரண்டாவது ஆபத்து மறுதிசையிலிருந்து வருகிறது. ஸ்பீக்கர் பின்னூட்டப் பாதையிலேயே அமர்ந்திருப்பதால், அதன் மின்தூண்டல் உயர் அதிர்வெண்களில் பின்னூட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. சில்லின் சொந்தத் தாமதமும் சேர்ந்தால் சுற்று காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே அலையத் தொடங்கும். ஸ்பீக்கருக்கு இணையாக 10 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக வைத்தால் 70 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்துக்கு மேல் சுமை மின்தடைபோல மாறி, அலைவு அடங்கும். இதைக் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்களுக்கான திருத்தம் என்று எண்ணி நீக்கிவிட வேண்டாம்.

மூன்றாவது, சுமை இல்லாத நிலை. மின்னழுத்த ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றினால் ஒன்றும் நடக்காது. இங்கே கழற்றினால் பின்னூட்டமே அறுந்து, வெளியீடு மின்வழங்கியின் ஏதோ ஒரு முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி செருகும்போது அந்த முழு அழுத்தமும் காயிலில் இறங்கும். வழக்கமான பாதுகாப்பு ரிலேயும் இதே வேலையைத்தான் செய்யும். ஆகவே முன்னவர் சொன்ன 18 ஓம் ரெசிஸ்டரை ஸ்பீக்கர் பக்கம் வைக்காமல் சர்க்யூட் போர்டிலேயே, ஸ்பீக்கருக்கு இணையாக, நிரந்தரமாகப் பொருத்துங்கள். அது இருந்தால் ஸ்பீக்கர் இல்லாதபோதும் பின்னூட்டம் உயிரோடிருக்கும். ஒத்ததிர்விலும் அதுவே காப்பாற்றும்: 125 ஓமில் 0.4 ஆம்பியரை ஓட்ட 50 வோல்ட் வேண்டும், 25 வோல்ட் மின்வழங்கியில் அது வெட்டுப்படும். 18 ஓம் இணையாக இருந்தால் சில்லு பார்ப்பது ஏறத்தாழ 16 ஓம் மட்டுமே.

கையைச் சுட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். சுற்று வேலை செய்த மகிழ்ச்சியில், ஸ்பீக்கரின் முனைகளில் அலைவடிவத்தைப் பார்க்க ஆசிலோஸ்கோப்பை எடுத்தேன். முனையைத் தொட்டு, தரைக் கவ்வியை ஸ்பீக்கரின் கறுப்பு முனையில் மாட்டினேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே போனது. அந்தக் கறுப்பு முனை தரை அல்ல, உணர்மின்தடையின் மேல்முனை. கவ்வி மாட்டிய நொடியில் உணர்மின்தடை குறுக்குச்சுற்றாகி, பின்னூட்டம் மறைந்து, கூம்பு ஒரு தட்டுத் தட்டி முன்னால் வந்து அங்கேயே விறைத்து நின்றது. கவ்வியைப் பிடுங்குவதற்குள் வாய்ஸ் காயிலின் பசை கருகும் மணம் வந்துவிட்டது. ஸ்பீக்கர் பிழைத்தது, ஆனால் அன்றிலிருந்து தாழ்ந்த சுரங்களில் காயில் உரசுகிற ஒலி அதில் மெல்லியதாக இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு முனைகளை ஒன்றாக இணைக்கும் கருவி எதையும், ஹெட்ஃபோன் மாற்றி உட்பட, இதன் வெளியீட்டில் செருகக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

நேர்மின் கசிவைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. உள்ளீட்டு விலகல் 5 மில்லிவோல்ட் என்றால் 15 மில்லியாம்பியர் ஓடும். காயிலுக்கு அது ஒன்றுமில்லை. இருந்தாலும் முதல் முறை இயக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து அளந்துவிடுங்கள்.

மறுமொழி 3

இங்கே ஒரு சந்தேகப் பிராணியும் பேச வேண்டும் அல்லவா, அந்தப் பணியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மின்னோட்ட இயக்கத்தின் பெருமைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது, காயில் சூடேறினாலும் ஒலி மட்டம் குறையாது என்பது. தாமிரத்தின் மின்தடை ஒரு பாகைக்கு 0.39 விழுக்காடு ஏறுகிறது. 100 பாகை சூடானால் 39 விழுக்காடு, ஏறத்தாழ 2.9 டெசிபல் இழப்பு. மேடைக் கச்சேரி ஸ்பீக்கருக்கு இது பெரிய செய்தி. 96 டெசிபல் ஸ்பீக்கரை வீட்டில் கேட்பவர் சராசரியாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொடுப்பதில்லை. அந்தக் காயில் சூடேறுவதே இல்லை. ஆகவே இந்த நன்மையை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

அடுத்து, மின்னோட்டம் தூய்மையானால் விசை தூய்மையாகும் என்பது பாதி உண்மை. காயில் காந்த இடைவெளியை விட்டு விலகும்போது காந்தப்புலச் செறிவே குறைகிறதே, அதை எந்த இயக்கமும் திருத்தாது. கூம்பைப் பிடித்திருக்கும் ஓரவளையத்தின் விறைப்பு ஒரே சீராக இல்லாததையும் அது திருத்தாது. சொல்லப்போனால், ஒத்ததிர்வை ஒட்டிய பகுதியில் மின்னழுத்த இயக்கம்தான் கூம்பின் வேகத்தை எதிர் மின்னியக்கு விசையால் கண்காணித்துத் திருத்துகிறது. மின்னோட்ட இயக்கம் அந்தக் கண்காணிப்பைக் கைவிட்டுவிடுவதால், அங்கே சிதைவு கூடும். அதே 1989 கட்டுரையின் ஆசிரியர்களும், தாழ்ந்த அதிர்வெண்களில் கூம்பின் வேகத்தை ஒரு தனி உணர்சுருளால் அறிந்து பின்னூட்டம் கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் நாடினார்கள். காந்த முனையில் தாமிர வளையமோ தொப்பியோ இருக்கும் ஸ்பீக்கர்களில் மின்தூண்டலின் அலைச்சல் முன்கூட்டியே அடக்கப்பட்டிருக்கும். அவற்றில் மிஞ்சும் ஆதாயம் இன்னும் சிறிது.

அதற்காக எல்லாவற்றையும் மறுக்கவில்லை. தணிப்பு போய்விட்டால் திருத்தவே முடியாது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒத்ததிர்வு மேடு எளிய இரண்டாம் படி வளைவு. அதற்கு நேர் எதிரான பள்ளத்தை டிஎஸ்பியில் (எண்முறைச் சைகைத் திருத்தியில்) போட்டால் மட்டம் மட்டுமல்ல, நேரத்தில் அடங்கும் விதமும் சேர்ந்தே சீராகும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஒத்ததிர்வு அதிர்வெண் நிலையாக நிற்பதில்லை. ஓரவளையம் இளகினால், அறை வெப்பம் மாறினால், உரக்கக் கேட்டால் சில ஹெர்ட்ஸ் நகரும்; 4.2 கியூவுள்ள கூரிய மேடும் அதற்கென வெட்டிய பள்ளமும் அப்போது ஒன்றையொன்று தவறவிடும். 0.7 அல்லது 0.9 கியூவில் அதே நகர்வு காதுக்கே எட்டாது. ஆகவே முழு மின்னோட்ட இயக்கத்தையும் டிஎஸ்பியையும் சேர்ப்பதைவிட, 18 முதல் 33 ஓம் வரையிலான நடுவழி எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். இரண்டு இயக்கங்களையும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு சொல்வதில் பொருளில்லை. அடி ஒலியில் 10 டெசிபலுக்கும் மேல் ஏறி, உச்சத்திலும் சில டெசிபல் ஏறிய ஒன்றை, ஏறாத ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று கேட்கத்தான் செய்யும். அது சிதைவு குறைந்ததன் விளைவு அல்ல, வளைவு மாறியதன் விளைவு. மின்னோட்ட இயக்கத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைத்தான் புகழ்ந்திருக்கின்றன என்பது என் ஐயம். ஸ்பீக்கருக்குத் தொடராக 0.1 ஓம் வைத்து, மின்னழுத்த இயக்கத்தில் ஓடும் மின்னோட்டத்தின் ஹார்மோனிக்குகளை (சிதைவால் மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் பிறப்பவை) முதலில் அளந்து பாருங்கள். மின்னோட்ட இயக்கத்தால் நீக்க முடிந்தது அங்கே தெரிவது மட்டுமே. அது ஏற்கெனவே மிகச் சிறியதாக இருந்தால் சில்லைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடலாம்.

கேள்வி எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். ரெசிஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு நடத்திய சோதனை என்ன காட்டியது என்று எழுதுகிறேன்.

முதலில் சந்தேகப்பட்ட நண்பர் சொன்ன அளவீடு. ஒரு மீட்டரில் 90 டெசிபல் வரும்படி 800 ஹெர்ட்ஸ் கொடுத்து, 0.1 ஓமின் குறுக்கே பார்த்தபோது மின்னோட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக் 0.36 விழுக்காடு இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் அதே ஹார்மோனிக் கருவியின் இரைச்சலுக்குள் மறைந்திருந்ததால், இது முழுவதும் ஸ்பீக்கரின் கைவரிசை என்பதில் ஐயமில்லை. 18 ஓமைத் தொடராக வைத்து, ஒலி மட்டத்தை மீண்டும் 90 டெசிபலுக்குக் கொண்டுவந்து அளந்தால் 0.10 விழுக்காடு. 25 ஓமுக்கு 7 ஓம் என்ற விகிதம் 3.6 என்பதால் கணக்கும் அளவும் ஒத்துப்போயின. மைக்கை உட்கூம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் வைத்து அளந்த ஒலியில் அதே ஹார்மோனிக் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.28 ஆகத்தான் இறங்கியது. எஞ்சியது மின்னோட்டத்தால் திருத்த முடியாத பங்கு என்று புரிந்துகொள்கிறேன். 50 ஹெர்ட்ஸில் எச்சரித்தது போலவே நடந்தது. ஒரே ஒலி மட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக் 1.1 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆக ஏறிவிட்டது.

கேட்பதற்கு 18 ஓமைவிட 27 ஓம் எனக்குப் பிடித்தது. இரட்டை பாஸ் வாத்தியத்தின் கீழ்த்தந்தி முதன்முறையாக இந்தப் பலகையிலிருந்து உடலோடு வந்தது. 33 ஓமில் அதே தந்தி மீட்டி முடிந்த பிறகும் ஒரு கணம் நின்று மறைவதுபோல் இருந்ததால் திரும்பிவிட்டேன். ஆனால் உச்ச ஒலி கூர்மையாகிவிட்டது. 18 ஓமிலேயே 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல் ஏற்றத்தை அளந்தேன். 27 ஓமில் இன்னும் கொஞ்சம். ஸ, ஷ போன்ற உரசொலி எழுத்துகள் எல்லாம் சீறுகின்றன. ஸ்பீக்கரைச் சற்றுத் திருப்பி, அச்சிலிருந்து 15 பாகை விலகி உட்கார்ந்தால் பாதி தீர்கிறது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது? ஸ்பீக்கருக்கு இணையாக 10 ஓமும் 2.2 மைக்ரோஃபாரட்டும் தொடராக வைத்தால் அந்த 4 டெசிபல் ஏறத்தாழ அடங்கும் என்று என் கணக்கு காட்டுகிறது. அது சரியான வழியா?

மறுமொழி 1

உங்கள் கணக்கு சரி, வளைவு அடங்கும். ஆனால் அந்த வலையை ஸ்பீக்கருக்கு இணையாக வைத்தவுடன், உயர் அதிர்வெண்களில் ஸ்பீக்கர் பின்னால் திரும்பிப் பார்க்கும் மின்தடை 27 ஓமாக இருக்காது. 27-உம் 10-உம் இணைந்து ஏறத்தாழ 7 ஓமாகச் சுருங்கிவிடும். மின்தூண்டல் அதிகம் தொல்லை தரும் பகுதியில் எதற்காக இந்த ரெசிஸ்டரை வைத்தீர்களோ, அந்த ஆதாயத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதே திருத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், சிறு சைகை மட்டத்தில் செய்யுங்கள். ஒரு ரெசிஸ்டரும் மின்தேக்கியும் போதும், டிஎஸ்பி இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும் ஒரு மென்மையான சரிவு. மட்டம் குறையும், ஸ்பீக்கர் பார்க்கும் இம்பீடன்ஸ் உயர்ந்தே இருக்கும்.

அடி ஒலியில் நியாயம் நேர் எதிரானது என்பதையும் கவனியுங்கள். அங்கே நமக்கு வேண்டியது தணிப்பு. அதை முன்கூட்டிய திருத்தத்தால் பெற முடியாது, ஸ்பீக்கரின் முனையில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் 50 ஹெர்ட்ஸ் சிதைவு உறுத்தினால், 12 மில்லிஹென்றி மின்தூண்டியும் 1000 மைக்ரோஃபாரட் இருதுருவ மின்தேக்கியும் தொடராகச் சேர்த்து ஸ்பீக்கருக்கு இணையாக வைத்துப் பார்க்கலாம். இரண்டும் 46 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஸ்பீக்கர் தாழ்ந்த மின்தடையைப் பார்க்கும். அதற்கு மேல் வலை ஒதுங்கிவிடும். மின்தூண்டியின் சொந்த மின்தடை சில ஓம் இருந்தால் தவறில்லை, தேவைப்பட்டால் ரெசிஸ்டர் சேர்த்து 15 ஓம் வரை உயர்த்தியும் முயலுங்கள். இப்போது கிடைத்திருக்கும் அடி ஒலியில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும் என்பதால், கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்னாளில் தனி ட்வீட்டர் (உச்ச ஒலி ஸ்பீக்கர்) சேர்க்கும் எண்ணம் வந்தால், இரண்டுக்கும் அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் தலைகீழாகும். மின்னோட்ட மூலத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் தொடராக நிற்கும். பெரிய ஸ்பீக்கருக்கு இணையாக மின்தேக்கி, ட்வீட்டருக்கு இணையாக மின்தூண்டி. வழக்கமான கிராஸ்ஓவரை அப்படியே மாட்டினால் பிரிக்கும் அதிர்வெண் எங்கோ போய் நிற்கும்.

கேள்வி எழுப்பியவர்

முன்னால் செய்யும் திருத்தத்தை நேற்று இரவு போட்டுவிட்டேன். சீறல் போய்விட்டது, ஸ்பீக்கரைத் திருப்பி வைக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை. 46 ஹெர்ட்ஸ் வலைக்கு மின்தூண்டி சுற்ற வேண்டும், அடுத்த வாரம் முயல்வேன். 27 ஓம் ரெசிஸ்டர் பலகையின் பின்புறம் அலுமினியத் தகட்டில் திருகப்பட்டிருக்கிறது. மூன்று மணி நேரம் கேட்ட பிறகு தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இல்லை. எல்எம்3886 இரண்டும் இன்னும் உறை பிரிக்காமல் மேசையிலேயே இருக்கின்றன.